ஹமீது நானாவின் காணியில் கலப்பை பூட்டின கதை

டிராக்டருக்குக் கலப்பை பூட்டுகிற தொழிலில் பூட்டுகிறவன் ஒருத்தன், புத்தி சொல்கிறவர்கள் ஊர் முழுக்க. நட்டுக் கழற்றிக் கை கறுத்த என் இனத்தாருக்கு இது விளங்கும்.

என் வாய்

இரண்டாம் உலகச் சண்டை முடிந்திருந்தது, வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. கற்பிட்டிப் பக்கத்துத் தென்னந்தோட்ட முதலாளி ஒரு டிராக்டரும் இரட்டைக் கொழுக் கலப்பையும் இறக்கினார். ஓட்டுவதும் பூட்டுவதும் நான்தான். அயல் காணிகளையும் உழுது கொடுப்போம். நுரைச்சோலையில் வெங்காயம் போடுகிற ஹமீது நானா வந்து டிராக்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பகல் லுஹர் பாங்குக்கு முந்தி உங்கட காணி முடியும் நானா. இனி மாடு என்னத்துக்கு?" என்று பெரிய கதை விட்டேன்.

நாலாம் நாள் கலப்பையோடு போனால் அவருடைய மாட்டுக்கொட்டில் வெறுமையாகக் கிடந்தது.

"நீ சொன்னாச் சரிதானே எண்டு சோடியையும் வித்துப்போட்டன் தம்பி."

கொழு இறங்கவில்லை

விதை வெங்காயம் வீட்டுக்குள் முளைவிட்டிருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் மழைக்கு முன் காணி உழுது கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் விதை அழுகிப் போகும். என் கலப்பையோ கோழி கிளறுகிற மாதிரி மேல்மண்ணைக் கிளறிக்கொண்டு ஓடியது. கலப்பையை டிராக்டரோடு மேலே பிணைக்கிற மேல்தண்டைத் திருகிக் குறுக்கினேன், கொழு மூக்கைக் குத்தி ஒரேயடியாகப் புதைந்தது. இரண்டு சுற்றுத் திருப்பி விட்டேன். நானாவின் பெண்சாதி வேலியோரம் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடு எண்டாப் புல்லைக் காட்டிச் சமாளிக்கலாம், இதுக்கு என்னத்தக் காட்டுறது?"

நங்கூரக் கல்

இப்போது வலது கொழு ஆழமாகப் போனது, இடது கொழு சும்மா உரசியது. தலை வெடிக்கிற மாதிரி இருந்தது. ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தால், பக்கத்துக் காணி மனுவேல் அண்ணன் கலப்பையின் இடப்பக்கத்தில் தன் நங்கூரக் கல்லைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்! கடலுக்குப் போகிற மனிசனுக்குக் கலப்பையில் என்ன வேலை என்று சத்தம் போட்டேன்.

"கோவிக்காத தம்பி, வள்ளம் வலப்பக்கம் சரிஞ்சு ஓடினா இடப்பக்கம்தானே பாரம் போடுறது?"

ரசமட்டம் வைத்த மகராசன்

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலது சக்கரம் முதல் வெட்டின சாலுக்குள் இறங்கி ஓடுகிறது. டிராக்டரே வலப்பக்கம் சரிய, கலப்பையும் கூடச் சரிகிறது. தோட்டத்துச் சமமான சீமெந்துத் தரையில் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த மகராசன் நான்! வலப்பக்கக் கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றிக் கலப்பையின் அந்தப் பக்கத்தைத் தூக்கினேன். இரண்டு சாலும் ஒரே ஆழத்தில் விழுந்தன. கல்லை அவிழ்க்கப் போனேன், அண்ணன் விட்டால்தானே!

"கல்லுக் கட்டினாப் பிறகுதானே தம்பி ஒழுங்கா ஓடினது!"

வெள்ளை மாடு

லுஹர் தாண்டி, வெயில் சாய்கிற அஸர் பாங்கோடுதான் காணி முடிந்தது. அன்று பின்னேரமே மழை கொட்டியது. நானா நனைந்தபடி வந்து என் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனேன். வெங்காயம் நட்டு முடிந்திருந்தது. கொட்டிலில் வித்த சோடியில் வெள்ளை மாடு மட்டும் திரும்பி வந்து அசைபோட்டுக்கொண்டு நின்றது. "என்ன நானா, என்னில நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டேன்.

"உன்ட கையில நம்பிக்கை இருக்கு தம்பி, வாயிலதான் இல்ல."

அன்றிலிருந்து எந்தக் காணிக்குப் போனாலும் முதலில் வாயைத்தான் திருகி இறுக்குவேன், கலப்பையைப் பிறகு.