மருதாசலத்தின் இடது செருப்பு

லாசருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், சிரிப்பார். நாமக்கல்லில் வீட்டு முன்வாசலையே பட்டறையாக்கி வண்டி பழுது பார்த்த மனிதர். அந்தச் சிரிப்பைக் கண்டாலே அவர் மனைவி இசபெல்லா, "இன்னிக்கு எவனோ மாட்டிக்கிட்டான்" என்று முணுமுணுப்பாள்.

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதத்தில் ஒரு காலை, மாட்டியவர் ஜேடர்பாளையத்து மருதாசலம். அவருடைய பழைய பெட்ரோல் கார், வேகம் கொடுக்க மிதித்தால் போதும், லொக்கு லொக்கென்று இருமி நின்றுவிடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலைப் பீச்சும் சின்னப் பம்பு ஒன்று உண்டு. அதன் நுனியில் இருக்கிற காலணா அகலத் தோல் வாசர் காய்ந்து சுருங்கியிருந்தது. அதை மாற்றச் சொல்லி லாசர் மூன்று தடவை கெஞ்சிவிட்டார். "பழசையே எண்ணெய் தடவி மாட்டு" என்பார் அந்தக் கஞ்சப் பிரபு. அப்புறம் சந்தையில் போய், "லாசருக்கு வேலை தெரியாது" என்று தண்டோரா போடுவார். அதைக் கேட்டு இரண்டு லாரிக்காரர்கள் கரீம் பாஷா பட்டறைக்குப் போய்விட்டார்கள். லாசருக்கு வயிறு எரியாதா?

அன்று வெண்ணந்தூரில் மருதாசலத்தின் மகனுக்கு நிச்சயதார்த்தம். வீட்டாரைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, பட்டு வேட்டியும் புதுச் செருப்புமாய் வந்து இறங்கினார்.

"ஏப்பா லாசரு, புது வாசரே போட்டுரு. இன்னிக்கு நடுவழியில நின்னுச்சுன்னா, நாளைக்கு உன்ற பொழப்பு நாறிப்போயிரும், பாத்துக்க."

டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார் லாசர். தோல் வாசர் ஒன்றுகூட இல்லை. சேலம் போய் வாங்கி வருவதற்குள் நிச்சயமே முடிந்துவிடும். வண்டி நின்றால் மிச்சமிருக்கிற நாலு வாடிக்கையும் போச்சு. நிமிர்ந்தார். மருதாசலத்தின் கால் கண்ணில் பட்டது. சிரித்தார்.

"இசபெல்லா, ஐயாவுக்குக் காபி போடு. நல்லா சுண்டக் காய்ச்சு."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மருதாசலம் உள்ளே போனார். இடது செருப்பின் அகல வாரில் உள்பக்கம் தைத்திருந்த மெல்லிய தோல், அடடா, என்ன பதம்! வட்டமாக ஒரு வெட்டு. சுடவைத்த விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, கிண்ணம்போலக் குவித்து, பம்பில் மாட்டினார். மிதித்தார். இருமலே இல்லை. காபி குடித்துவிட்டு வந்த மருதாசலத்தின் உள்ளங்கையில் வழக்கப்படி பழைய வாசரை வைத்து, "புதுசுதானுங்க போட்டிருக்கு" என்றார்.

பத்து நாள் கழித்து மருதாசலம் திரும்பி வந்தார். பின்னாலேயே இன்னொரு பழைய கார், இருமிக்கொண்டே. லாசர் தோல் வெட்டிய கத்தியை டப்பாவுக்கடியில் தள்ளினார்.

"இசபெல்லாம்மா, எங்க சம்பந்திக்கு ஒரு காபி போடுங்க!" என்று கூவி, கூட வந்தவரை உள்ளே அனுப்பிவிட்டு, மருதாசலம் தன் இடது செருப்பைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உள்ளே காலணா அளவுக்கு வட்ட ஓட்டை.

"நிச்சயத்துல மாட்டறப்பத்தான் பாத்தேன்."

"ஏனுங்க, வண்டி..."

"வண்டி பறக்குதப்பா. சந்தையில எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன்." வாசலில் கிடந்த வேறொரு செருப்பை எடுத்து லாசர் கையில் திணித்தார். "இது சம்பந்தியோடது. காபி ஆறறதுக்குள்ள வெட்டு."