வார்த்தை சொன்னால்தான் கதவு

எதிர்வீட்டுத் தண்ணீர் கேன்காரரின் எண்ணை என் கைபேசியில் ‘சந்தேகம்’ என்ற பெயரில் சேமித்து வைத்திருந்தேன். அவர் பெயர் தெரியாமல் இல்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால் போலீசுக்குச் சட்டென்று எடுத்துக் கொடுக்க வசதியாக இருக்கும் என்றுதான். அவருடைய லோடு ஆட்டோவின் எண்ணும் எனக்கு மனப்பாடம்.

ஆதாரம் இல்லாமல் சந்தேகப்படுகிறவள் இல்லை நான். என் தம்பிக்கு முப்பத்திரண்டு வயது. ஆட்டிசம் உள்ளவன். அம்மா போனபின் நெம்மேலிப் பக்கம் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் கம்பெனி பஸ் ஏறி மறைமலைநகருக்குப் போனால் மாலையில்தான் திரும்புவேன். அதுவரை அவன் தனியாக இருப்பான். சோறு போட்டுச் சாப்பிடுவான், துணி மடிப்பான், கைபேசியில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஆடுவான். அவனுக்கு வராதது ஒன்றே ஒன்று, பொய். சொல்லவும் தெரியாது, யாராவது சொன்னால் கண்டுபிடிக்கவும் தெரியாது.

அந்த விளையாட்டில் ஒருவன் ‘நண்பா’ என்று வந்து ஒட்டிக்கொண்டான். அவர்கள் எழுதிக்கொண்டதைப் பின்னால் நான் எடுத்துப் படித்தேன். வீட்டில் யார் யார்? அக்கா எத்தனை மணிக்குப் போவார்? பஸ் என்ன நிறம்? கேட்டதற்கெல்லாம் தம்பி நிமிடக் கணக்கு பிசகாமல் பதில் எழுதியிருந்தான். ஒரு புதன்கிழமை காலை ஓர் ஆள் வந்து கதவைத் தட்டி, “அக்கா அனுப்பிச்சாங்க, லேப்டாப் ரிப்பேராம்” என்றிருக்கிறான். தம்பி எடுத்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. “சார்ஜரும் வேணுமா?” என்று கேட்டு அதையும் கொடுத்து அனுப்பினான்.

லேப்டாப் போனால் போகட்டும். அவன் கதவைத் திறந்தானே, அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. இன்னொரு நாள் இன்னொருவன் வந்து ‘அக்கா கூப்பிடறாங்க’ என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போய்விடுவான்.

அன்றைக்கே சட்டம் போட்டேன். ஒரு ரகசிய வார்த்தை. அதைச் சொன்னால்தான் தாழ்ப்பாளை எடுக்க வேண்டும். வார்த்தையை அவனே தேர்ந்தெடுத்தான்: ‘வெங்காயம் போடாத சாம்பார்’. யார் வந்தாலும், என் பெயரைச் சொன்னாலும், நானே வந்து நின்றாலும், வார்த்தை இல்லாமல் கதவு இல்லை. வார்த்தை சொன்னவர் ‘எனக்குத் தெரிஞ்சவங்க’ என்று யாரையாவது கூட்டி வந்தால் அவர்களை விடலாம். வார்த்தையை வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. தினமும் வேலை முடிந்து வந்து, என் வீட்டு வாசலில் நானே சன்னலோரம் குனிந்து சாம்பாரை முணுமுணுப்பேன். ஒரு நாள்கூட அவன் விட்டுக்கொடுத்ததில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தத் திருடனுக்கு எங்கள் வீடு எப்படித் தெரிந்தது? தம்பி எழுதியதில் விலாசம் இல்லை. அப்படியானால் தெருவில் யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கேன்காரர்தான் எப்போதும் சன்னல் பக்கம் நின்று உள்ளே பார்ப்பார். “தம்பி தனியாவா கீறாரு?” என்பார். “ஹாரன் சத்தம் அவருக்கு ஆவாதாக்கா?” என்று இன்னொரு நாள். உமக்கெதற்கு ஐயா அந்த விவரமெல்லாம்? நான் பதில் சொல்ல மாட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இருக்கட்டும், சில இருட்டில் பேயும் இருக்கிறதே.

அந்த மழைக்காலத்தில் வந்த புயல் மறுநாள்தான் கரையைக் கடக்கும் என்று சொல்லியிருந்ததால் நான் வேலைக்குப் போனேன். மதியத்துக்குள் வானம் கொட்டத் தொடங்கி, கம்பெனியில் எங்களை அனுப்பிவிட்டார்கள். திருப்போரூர் தாண்ட முடியவில்லை. கடற்கரைப் பக்கம் போகிற சாலையில் கால்வாய்த் தண்ணீர் ஏறிவிட்டது என்று பஸ்ஸை நிறுத்தினார்கள். தம்பியைக் கூப்பிட்டேன். கைபேசி அணைந்திருந்தது. காலையில் அது புயல் எச்சரிக்கை என்று அலறியிருக்கிறது, சத்தம் தாங்காமல் அவன் அணைத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டான். அது அப்போது எனக்குத் தெரியாது.

தெருவில் வேறு யாருடைய எண்ணும் என்னிடம் இல்லை. ஒருத்தரையும் நம்பாதவளிடம் யார் எண் இருக்கும்? ‘சந்தேகம்’ என்பதைத் தொட்டேன்.

“அக்கா, நல்லவேள கூப்ட்டீங்க. தெருவுல முட்டி வரிக்கும் தண்ணி. பயர் சர்வீஸ்காரங்க எல்லாரையும் ஸ்கூலுக்கு இட்டுனு போறாங்க. தம்பி மட்டும் தாப்பா போட்டுகினு உள்ளயே கீறாரு. இன்னாவோ வார்த்த சொல்லுன்றாரு. கதவ ஒடைக்கப் போறாங்க.”

“ஒடைக்க வேணாம்!” என்று கத்தினேன். திடீர்ச் சத்தம் கேட்டால் அவன் ஓடுவான், எந்தப் பக்கம் என்று பார்க்க மாட்டான். பின்கதவிலிருந்து பத்தடியில் கால்வாய். அன்றைக்குத் தரை எது, கால்வாய் எது என்றே தெரிந்திருக்காது.

“அதான் நானும் சொல்லிகினு கீறேன், சத்தம் ஆவாதுன்னு. அந்த வார்த்த இன்னாக்கா?”

நான் உடனே சொல்லவில்லை. “உங்க பக்கத்துல யார் யார் இருக்காங்க?” என்று கேட்டேன். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

“ஊரே கீதுக்கா! சொல்லுக்கா!”

சொன்னேன். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. “வெங்காயம் போடாத சாம்பார்!” என்று பஸ்ஸுக்குள் எழுந்து நின்று அலறினேன். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் அவர் அதையே தெரு முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு தம்பியின் குரல்: “இவங்க யாரு?”

“எனக்குத் தெரிஞ்சவங்கதான் தம்பி.” அப்புறம் மற்றவர்களிடம்: “யாரும் அவரத் தொடாதீங்க. முன்னால நடங்க, அவரே பின்னால வருவாரு.”

நான் இருக்கையில் விழுந்து அழுதேன். அழுகையின் நடுவிலும் ஒரு கேள்வி குத்தியது. தொடக் கூடாது என்று இவருக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு நாள் சன்னலில் நின்று இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா?

மூன்றாம் நாள் சேற்றைக் கழுவும்போது அரிசி டப்பாவில் கைபேசி கிடைத்தது. அந்த ‘நண்பா’வோடு எழுதியதை மறுபடி திறந்தேன். தெருப்பலகை பளிச்சென்று தெரியும்படி எங்கள் வாசலைப் படமெடுத்துத் தம்பியே அனுப்பியிருந்தான். முன்பு எழுத்தை மட்டும் படித்தேன், படங்களைத் திறக்கவே இல்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தப் பார்த்திருக்கிறேன். ‘சந்தேகம்’ என்ற பெயரை மாற்றலாம் என்று எடுத்தேன். அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போய்த் திரும்பினேன். சன்னலோரம் குனிந்து சாம்பாரைச் சொன்னேன். கதவு திறக்கவில்லை.

“அது செல்லாது” என்றான் உள்ளிருந்து.

“ஏன்?”

“ஊருக்கே தெரியும். நீ சொல்லிட்ட. மாத்திட்டோம்.”

“சரி, புதுசு என்ன?”

“சொல்லக் கூடாது.”

“டேய், நான் உன் அக்காடா!”

“அன்னிக்கு வந்த ஆளும் அக்கான்னுதான் சொன்னான்.”

சட்டம் என்னுடையது. கையில் பையோடு அரைமணி நேரம் நின்றேன். கோபம் வந்தது, காலும் வலித்தது. அப்போது லோடு ஆட்டோ வந்து நின்றது. கேன்காரர் தோளில் கேனோடு இறங்கி, என்னைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். பிறகு சன்னலில் குனிந்து, எனக்குக் கேட்காதபடி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

கதவு திறந்தது. தம்பி அவருக்கு வழிவிட்டான். பின்னால் நுழையப் போன என்னைக் கையை நீட்டித் தடுத்து, அவரிடம், “இவங்க யாரு?” என்றான்.

அவர் கேனை இறக்கி வைத்தார். என்னை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார்.

“எனக்குத் தெரிஞ்சவங்கதான் தம்பி. உள்ள வுடுங்க.”