சுந்தரராஜ் பார்க்காத நான்கு நுனிகள்

அஞ்சுகிராமம் பக்கம் உள்ள கயிற்று நூல் ஆலையின் சோதனை அறையில் சுந்தரராஜ் வேலைக்குச் சேர்ந்தது 1991 ஜூன் 3, திங்கட்கிழமை. அன்று முதல் அவர் எழுதி முடித்த பதிவேடுகள் நாற்பத்தொன்று. ஒன்றிலும் அடித்தல் திருத்தல் கிடையாது. "சுந்தரராஜ் எழுதினா எழுதினதுதான்" என்று ஆலையில் சொல்வார்கள். அதைக் கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். பெருமையை மறைக்க அவருக்கு வேறு வழி தெரியாது.

2022இல் ஆலை ஒரு புது நூலை உருவாக்கத் தொடங்கியது. பாலிஎத்திலீன்தான், கடைப் பை செய்கிற அதே குடும்பம். அதைக் கரைத்துக் கூழாக்கி, நுண்துளை வழியே இழுத்து, சூட்டில் பல மடங்கு நீட்டினால், அதே எடையுள்ள எஃகுக் கம்பியைவிடப் பலமான இழை வரும். தண்ணீரிலும் மிதக்கும். உருவாக்கும் பொறுப்பு பொறியாளர் ஜெப்சிக்கு, சோதனை சுந்தரராஜுக்கு.

அந்த இழை வழுக்கும். இயந்திரம் இரண்டு கிரிப்பில் பிடித்து இழுக்கும்போது, சில துண்டுகள் கிரிப்பின் வாயிலேயே நசுங்கி அறும். அது நூலின் குற்றமல்ல. அந்த அளவை விட்டுவிட்டு வேறு துண்டு போடலாம். ஆனால் அறுந்த நுனியை லென்ஸ் வைத்துப் பார்த்தாக வேண்டும். தட்டையாக இருந்தால் கிரிப்பில் அறுந்தது. பஞ்சுபோல் விரிந்திருந்தால் நூலே பலவீனம்.

2023 மே 12, வெள்ளிக்கிழமை, நூல் சுற்றிய உருளைகளில் பதினான்காவது, பதினான்காம் பாபின். மறுநாள் அவருடைய கிறிஸ்தவ சபையில் அசனம், எல்லாரும் கூடி உண்ணும் விருந்து. முந்தின நாள் அரிசியும் தேங்காயும் அளந்து கொடுப்பது இருபத்தாறு வருடமாக அவர்தான். இருபது துண்டுகளில் ஆறு, குறைந்த இழுப்பிலேயே அறுந்தன. இரண்டு நுனிகளைப் பார்த்தார். தட்டை. மற்ற நான்கையும் பார்க்காமலே கூடையில் போட்டு, 'கிரிப்பில் அறுந்தது 6' என்று எழுதினார். வேறு ஆறு துண்டு போட்டு, பாபின் தேறியது என்று எழுதி, நாலு பத்துக்குக் கிளம்பினார்.

அந்த நூலும் சேர்ந்து முறுக்கிய கயிறு, மணவாளக்குறிச்சியை அடுத்த கடற்கரையில் ஆபேல் என்பவரின் வள்ளத்துக்குச் சோதனை ஓட்டத்துக்குப் போனது. இந்தக் கயிற்றில் முடிச்சுப் போட்டால் பாதிப் பலம் போய்விடும், புரிகளைப் பிரித்துக் கோர்த்துப் பின்னத்தான் வேண்டும் என்று ஜெப்சி அவருக்குச் செய்து காட்டியிருந்தாள். ஆகஸ்ட் 21 காலை, வலை இழுக்கும்போது கயிறு அறுந்தது. ஆபேல் எஞ்சின் மேல் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. வலை போயிற்று. அறுந்த முனைகளை வள்ளத்தில் இருந்தவர்கள் வெட்டிக் கடலில் எறிந்துவிட்டார்கள்; சோதிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

ஜெப்சி பதிவேட்டைப் புரட்டினாள். "சார் எழுதினதுல ஒரு குறையும் இல்லியே. ஆபேல் முடிச்சுதான் போட்டிருப்பாரு."

சுந்தரராஜ் பக்கத்தில்தான் நின்றார். ஆபேல் போட்ட முடிச்சில்தான் அறுந்தது என்று 24ஆம் தேதி கடற்கரைக்கும் அறிக்கை போயிற்று.

கயிறு கொண்டுபோகும் வண்டியின் ஓட்டுநர் குமாரதாஸ் நாலு நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தான். "அவருக்கு இப்போ பேரு முடிச்சு ஆபேலாம் சார். பிள்ளையளு கூட அப்படித்தான் விளிக்கு."

வீட்டில் மனைவி தேவகனி, "ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குதே, குழம்புல உப்பு கூடிப்போச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றார்.

ஒவ்வொரு பாபினிலும் கொஞ்சம் நூலை அலமாரியில் எடுத்துவைப்பது ஆலையின் வழக்கம். செப்டம்பர் 4, பதினான்காம் பாபினின் மிச்சத்தை எடுத்து இருபது துண்டு போட்டார். ஏழு முன்னதாகவே அறுந்தன. ஏழு நுனிகளையும் லென்ஸில் பார்த்தார். ஐந்து பஞ்சாய் விரிந்து நின்றன. காகிதத்தில் மடித்து ஜெப்சியின் மேசையில் வைத்தார்.

"அன்னைக்கு நாலு நுனி நான் பாக்கல்ல, மேடம். பாத்ததா எழுதிட்டேன்."

"நீங்களா சார்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நுனிகளை லென்ஸில் பார்த்துவிட்டு ஜெப்சி சொன்னாள்: "அறிக்கையை நான் மாத்தி எழுதுதேன். நீங்க போயி அவரு முன்னால நிக்காண்டாம்."

மறுநாள் காலை கடற்கரைக்குப் போனார். ஆபேல் மாவுக்கட்டுக் கையோடு வள்ளத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"எதுக்கு சாரே பாக்கல்ல?"

"சபையில அசனம். அரிசி அளக்கணும், நேரமாச்சு."

"அங்க ஒழுங்கா அளந்தீரா?"

"அளந்தேன்."

"இதை எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு ஓய்? நான் முடிச்சு போடல்லேன்னு எனக்குத் தெரியாதா? அங்க வந்து சொல்லும்."

சற்றுத் தள்ளி மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. முப்பது பேருக்குக் குறையாது. சுந்தரராஜ் போய் நின்று சொன்னார். கேட்கவில்லை என்றார்கள். மறுபடி சொன்னார்: ஆபேல் முடிச்சுப் போடவில்லை, நூலில் குறை, அதைப் பார்க்காமல் தேறியது என்று எழுதியது நான்.

"அப்போ அறிக்கை வந்தப்பம் நீரு எங்க இருந்தீரு?" என்றாள் மீன்கூடையோடு நின்ற ஒருத்தி.

"அங்கதான் நின்னேன்."

"நல்ல ஆளு."

யாரோ சிரித்தார்கள். ஏலக்காரர் விட்ட இடத்திலிருந்து மறுபடி விலை கூறத் தொடங்கினார். ஆபேல் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். இரண்டு பேர் விலகி இடம் விட்டார்கள். சுந்தரராஜைப் போகச் சொல்லவும் ஆளில்லை, இருக்கச் சொல்லவும் ஆளில்லை.