சீட்டில் இல்லாத தலைவன்

சீட்டில் எழுதியிருந்தது சூசையின் பெயர். நான் வாசித்தது மிக்கேலின் பெயர்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை.

வேம்பார் பஸ் போகும் கடற்கரைச் சாலையில் இறங்கி, உப்பளங்களைத் தாண்டி நடந்தால் எங்கள் ஊர். சாமியார் ஞாயிறு பூசைக்கு மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் கோவில் என் பொறுப்பு. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, மைக்கில் அறிவிப்பது, பூசையில் பழைய ஏற்பாடு வாசிப்பது. ஊரே என்னைக் கோயில்பிள்ளை என்றுதான் கூப்பிடும். என் சொந்தப் பெயர் எனக்கே பாதி மறந்துவிட்டது.

ஊர்த்தலைவரைக் கை தூக்கித் தேர்ந்தெடுப்போம். கைகள் சரிசமமாக நின்றுவிட்டால் சீட்டு. காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டுத்தானே எடுத்தார்கள்! இரண்டு பெயரையும் எழுதிச் சுருட்டி, பித்தளைக் கிண்ணத்தில் போட்டு, மாதா காலடியில் வைப்போம். செபம் முடிந்ததும் கோயில்பிள்ளை கண்ணை மூடி ஒன்றை எடுத்து வாசிக்க வேண்டும். வாசித்த கையோடு இரண்டு சீட்டையும் தூபக்கலசத்து நெருப்பில் போட்டுவிட வேண்டும். சீட்டைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மாதாவையே சந்தேகப்பட்டதாகிவிடும்.

மிக்கேலுக்கும் சூசைக்கும் கைகள் சரிசமமாக நின்றது, விசைப்படகுக்காரர்கள் கரைவரை வந்து எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போன காலத்தில். மிக்கேல் ஆறடி உயரம், அதற்கேற்ற குரல். சூசையோ, தன் பெயரை யாரோ முன்மொழிந்ததும் செருப்புகள் கிடக்கும் கடைசி வரிசைக்கு நகர்ந்துகொண்டவர்.

சீட்டைப் பிரித்தேன். சூசை... சண்டைக்கு நிற்க வேண்டிய நேரத்தில் இந்த மனுசரா? மாதாவுக்கு எங்கள் ஊர் நிலவரம் தெரியவில்லை என்று நினைத்தேன். ஆம், அப்படியேதான் நினைத்தேன்!

"மிக்கேல்" என்றேன். சீட்டு கருகுவதற்குள் ஊர் கைதட்டிவிட்டது.

பழைய ஏற்பாட்டில், உயரத்தைப் பார்த்து, இவன்தான் ராஜா என்று சாமுவேல் தீர்க்கதரிசியே ஒருமுறை நினைத்தார். ஆண்டவர் இல்லை என்றதும் அடங்கிவிட்டார். அந்தப் பகுதியை எத்தனையோ ஞாயிறு ஒரு சொல் பிசகாமல் வாசித்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மிக்கேல் படகுகளைத் திரட்டிப் போய் விசைப்படகுகளை மறித்தான். அதன்பின் அவர்கள் கரைப் பக்கம் தலைகாட்டவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். என்னைக் கண்டால் அவன் "அண்ணாச்சி" என்று நின்று பேசுவான். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. வலையில் நல்ல சீலா மீன் விழுந்தால் முதலில் தலைவர் வீட்டுக்கு. கரையில் மீனை ஏலம் எடுப்பது அவன் மச்சினன் மட்டும். அவன் வீட்டு மதிலுக்கு எங்கள் பிள்ளைகள் கல் சுமந்தார்கள். ராஜா வேண்டும் என்று அடம்பிடித்த சனங்களிடம் சாமுவேல் இதைத்தானே சொன்னார்? உங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொள்வான், உங்களிடம் இருப்பதில் நல்லதை எடுத்துக்கொள்வான் என்று...

ஊர்க்கூட்டத்தில் சூசை ஒருநாள் எழுந்தார். "ஏலத்த எல்லாரும் எடுக்கட்டுமே தலைவரே" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

"ஏலே கோயில்பிள்ள, மைக்கப் போடு" என்றான் மிக்கேல். அண்ணாச்சி என்ற சொல் போன இடம் தெரியவில்லை.

போட்டேன். சூசை குடும்பத்தோடு யாரும் பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, அவர் படகில் யாரும் ஏறக்கூடாது. ஊர் விலக்கை ஊருக்குச் சொன்னது என் குரல். எந்த நாற்காலியில் சூசை உட்கார்ந்திருக்க வேண்டுமோ, அதில் உட்கார்ந்துதான் அவரை விலக்கினான் மிக்கேல். இது எனக்கு மட்டுமே தெரியும்.

விலக்கில் இருக்கும்போதே அவர் மனைவி பிலோமி காய்ச்சலில் இறந்துபோனார். எங்கள் ஊரில் சாவு மணி அடித்தால் ஒரு படகும் கடலுக்கு இறங்காது. மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டேன்... "விலக்குல இருக்கவளுக்கு மணி கெடையாது" என்று வாசலில் நின்று சொன்னான் மிக்கேல். கயிற்றை விட்டேன்.

அன்று எல்லாப் படகும் இறங்கின. ஆறுமுகநேரியிலிருந்து வந்த பிலோமியின் தம்பிமார் மூன்று பேரும் சூசையும் பெட்டியைத் தூக்கிப் போனார்கள். நான் கோவில் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் யாருக்கு என்ன பயன்?

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஒருநாள் சூசை வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனேன்.

"இங்கன வந்தத யாரும் பாத்தா உங்களுக்கும் சேத்துல்லா விலக்கு?" என்றார்.

"அண்ணாச்சி... அந்த மிக்கேலு..."

"அவன ஒண்ணும் சொல்லாதீய. மாதால்லா அவன எடுத்துக் குடுத்தா. நான் அவங்கூட சண்ட போட்டா மாதாகூட போட்ட மாதிரி. பிலோமியும் கடைசி வரைக்கும் அதத்தான் சொன்னா. ஏதோ காரணம் இருக்கும்னு."

அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். வந்த வழியே திரும்பிவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாதா எடுத்தது தன்னைத்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்கு என்னை அவர் வெறுக்க வேண்டும். அதை என்னால் தாங்க முடியாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். எந்தப் பொய் என்று சொல்லவில்லை. சாமியார் ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். பாரம் ஒன்றும் இறங்கவில்லை.

விலக்கை உடைத்தது அமலி. மீன் விற்கும் பெண். ஒருநாள் எல்லோரும் பார்க்க சூசையின் மீனை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு, "யாரு கேக்காவன்னு பாப்போம்" என்று நடந்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள்.

போன வாரம் தலைவர் தேர்தல். மிக்கேலுக்கு எதிராக அமலி நின்றாள். கைகளை எண்ணினார்கள். சரிசமம்.

நாளை பூசை முடிந்ததும் சீட்டு. இந்த முறை வேறு யாராவது எடுக்கட்டுமே என்று நானே சொல்லிப் பார்த்தேன். செருப்புகள் கிடக்கும் வரிசையிலிருந்து சூசை எழுந்தார். "கோயில்பிள்ளையே எடுக்கட்டும். அந்தக் கையில தப்பு வராது" என்றார். ஊர் ஆமாம் என்றது.

அமலி பெயர் வந்தால் வாசித்துவிடுவேன். மிக்கேல் பெயர் வந்தால்...? இருப்பதை வாசித்தால் ஊர் மறுபடியும் அவன் கையில். மாற்றி வாசித்தால் நான் மறுபடியும் மாதாவுக்கு மேலே. அமலி நல்லவள்தானே என்று இப்போதே மனம் சொல்லிக்கொடுக்கிறது. அன்றைக்கு மிக்கேலுக்காகவும் இதே மனம்தான் பேசியது.

கிண்ணத்தைப் புளி போட்டுத் துலக்கி, மாதா காலடியில் வைத்துவிட்டேன்.