ஹம்மில் இறங்கிக் கும்பிட்டது: ஹோர்சன்ஸிலிருந்து வுப்பர்தாலுக்கு ரயிலில்

போன ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை ஹோர்சன்ஸிலிருந்து ஜேர்மனியின் வுப்பர்தாலுக்குத் தனியாக ரயிலில் போனேன். அங்கே என் சித்தியின் மகள் அனெற்றுக்கு ஞாயிறு அன்று புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் லீவு இல்லை, அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை. ஆகவே வீட்டிலிருந்து நான் மட்டும். இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம்.

புதுநன்மைக்குப் போவதோடு இன்னொரு காரியமும் இருந்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். டென்மார்க்கில் அந்த வகுப்பின் முடிவில் வாய்மொழிப் பரீட்சை வைப்பார்கள். நான் அதற்குப் போகவில்லை. இப்போது ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்கிறேன். வீட்டுக்கு வந்தால் சீனிப் பசையில் பூக்கள் செய்வேன், கேக்கின் மேல் வைக்கிற பூக்கள். வுப்பர்தால் பக்கத்தில் எங்கள் ஆட்களின் விசேஷங்களுக்கு கேக் செய்கிற டிலானி அக்கா அவற்றின் படங்களைப் பார்த்திருக்கிறா. "படத்தில எல்லாம் வடிவாத்தான் இருக்கும். அனெற்றின்ர கேக்குக்குப் பன்னிரண்டு லில்லிப் பூ செய்து கொண்டு வா. கையில வைச்சுப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்று குரல் செய்தி அனுப்பினா. பூக்கள் நன்றாக இருந்தால் கோடையில் கலியாணங்கள் வரும் இரண்டு மாதமும் என்னைத் தன்னோடு வேலைக்கு வைத்துக்கொள்வா. அதனால் அந்தப் பூக்கள் உடையாமல் போய்ச் சேர வேண்டும்.

ரிக்கெற்றை ஆறு கிழமைக்கு முன்பே எடுத்ததால் முழு வழிக்கும் 429 குரோனர்தான். கடைசிக் கிழமையில் எடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் வரும். திட்டம் இதுதான்: ஹோர்சன்ஸிலிருந்து கோல்டிங், அங்கே மாறி ஹம்பேர்க், ஹம்பேர்க்கிலிருந்து நேரே வுப்பர்தால். இரண்டே மாற்றங்கள். பூப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன்.

ஆனால் எங்கள் ஆட்களில் ஒருவர் வேறு நாட்டுக்குப் போகிறார் என்றால் அவர் தன் சாமான்களோடு மட்டும் போவதில்லை. வியாழன் பின்னேரம் மூன்று வீட்டிலிருந்து பொதிகள் வந்தன. மேல்மாடி பவா அன்ரி தன் தங்கைக்கு இரண்டு கிலோ மிளகாய்த்தூள் கொண்டுவந்தா. சித்தியின் சிநேகிதிக்கு டெனிஷ் பிஸ்கற் ரின்கள். யாரோ ஒருவரின் மருமகனுக்குக் குளிர்ச் சப்பாத்து, ஏப்ரல் மாதத்தில். நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். எனக்கு வேறு பதில் வராது.

"நீ ரயிலில போறியோ, லொறியில போறியோ?" என்று அப்பா கேட்டார்.

பவா அன்ரி கதவுவரை போய்த் திரும்பி வந்தா. "பிள்ளை, ரயில் ஹம்முக்குள்ளால போகுமோ?"

"தெரியாது அன்ரி. போகாது எண்டுதான் நினைக்கிறன்."

"போனால் அம்மனுக்கு எனக்காக ஒரு கும்பிடு போட்டுவிடு. எனக்கு முழங்கால் ஒப்பரேசன். இந்த முறை தேருக்குப் போகேலாது."

ஹம் நகரத்துக்கு வெளியே இருக்கும் அம்மன் கோயிலின் தேருக்கு டென்மார்க்கிலிருந்து வருடா வருடம் வாடகைக்கு வான் பிடித்துப் போவார்கள். நாங்கள் வேதக்காரர், மன்னார்க் கத்தோலிக்க ஆட்கள். அன்ரிக்கும் அது தெரியும். "நீ உன்ர மாதாவைக் கும்பிடுற மாதிரியே கும்பிடு. அம்மன் கோவிக்க மாட்டா" என்றா. அதற்கும் ஓம் என்றேன்.

வெள்ளி காலை 7.10க்கு ஹோர்சன்ஸில் ஏறினேன். கோல்டிங்குக்கு முக்கால் மணித்தியாலம். அங்கே ஹம்பேர்க் ரயில் வேறு மேடையில் வருகிறது. மின்தூக்கி இருக்கிறது, கை நிறையச் சாமான் உள்ளவர்கள் அதைத் தேடுங்கள். எல்லை தாண்டியதும் ஃபிளென்ஸ்பேர்க் பக்கத்தில் ஜேர்மன் பொலிஸ் இருவர் ஏறிக் கடவுச்சீட்டு பார்த்தார்கள். இளைஞரான ஒருவர் என் மடியில் இருந்த பெட்டியைக் காட்டி என்ன என்று கேட்டார். நான் அதைக் கட்டியிருந்த சிவப்பு நூலை அவிழ்த்துத் திறந்து காட்டினேன். அவர் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் மூடியைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். மிளகாய்த்தூள் பையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அது அந்த ரயில் பெட்டி முழுக்க மணத்துக்கொண்டிருந்தது.

ரெண்ட்ஸ்பூர்க்கில் ரயில் ஊரைச் சுற்றி வளைந்து மேலேறி, ஒரு பெரிய இரும்புப் பாலத்தைத் தாண்டுகிறது. கீழே கால்வாயில் கப்பல் போகும். இந்த இடத்தில் போனைக் கீழே வையுங்கள்.

ஹம்பேர்க்கில் எனக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. பைகளை நிலைய லொக்கரில் வைத்தேன். பெரிய லொக்கருக்குச் சில்லறையாக யூரோ கொண்டுபோங்கள், குரோனர் காசு அங்கே உதவாது. பூப்பெட்டியை மட்டும் வைக்க மனம் வரவில்லை, அதைக் கையில் ஏந்திக்கொண்டு பத்து நிமிடம் நடந்து நகரின் நடுவில் இருக்கும் ஏரிக்குப் போனேன். தண்ணீருக்கு நடுவில் ஊற்று மேலெழுந்து விழுகிறது. அம்மா தந்த றோல்ஸைக் கரையோர மர வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு கடற்பறவை என் அருகில் வந்து நின்றது. நான் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் சாப்பிட்டேன். ஹம்பேர்க்கில் நான் பார்த்தது இவ்வளவுதான். துறைமுகம் பார்க்க வேண்டும் என்றால் நான்கு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள்.

திரும்பி வந்தபோது பலகையில் என் ரயில் ரத்து என்று இருந்தது. தகவல் மேசையில் நீண்ட வரிசை. என் முறை வந்ததும் போனில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினேன். நான் கடைகளிலும் அப்படித்தான். அங்கிருந்த பெண் ஹனோவர் வழியாகப் போகும்படி ஒரு தாளை அச்சடித்துத் தந்தா. ஹனோவரில் மாறி ஏறும் ரயில் வுப்பர்தாலில் நிற்கும், ஆனால் ஆசனப் பதிவு செல்லாது. தாளைப் பார்த்தேன். ஹனோவர், பீலஃபெல்ட், ஹம், ஹாகன், வுப்பர்தால். ஹம் என்ற சொல்லைப் பார்த்ததும் பவா அன்ரியின் முழங்கால் நினைவு வந்தது.

ஹனோவரில் வந்தது நீளமான ரயில். பின்பக்கத்தில் ஏறி, கழிவறைக்குப் பக்கத்தில் மேசையுள்ள ஓர் இடம் பிடித்தேன். எதிரே சாம்பல் நிற நாயோடு ஒரு பெண். பூப்பெட்டியை மேசையில் வைத்தேன். நாய் ஒருமுறை மணந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பீலஃபெல்டுக்குப் பிறகு ஜேர்மன் மொழியில் நீளமான அறிவிப்பு ஒன்று வந்தது. அதில் ஹம் என்ற பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. நான் போனில் கோயில் எந்தத் திசை என்று தேடிக்கொண்டிருந்தேன். நிலையத்திலிருந்து ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர், கிழக்கே.

ஹம்மில் ரயில் நின்றது, உடனே புறப்படவில்லை. சிலர் இறங்கிச் சிகரெட் பிடித்தார்கள். இருந்த இடத்திலேயே கும்பிட்டிருக்கலாம். ஆனால் எதிரே அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா, ஒருவர் முன்னால் கை கூப்ப எனக்குக் கூச்சம். ஆகவே போனை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். சிகரெட் பிடிக்கிறவர்களைத் தாண்டி, ஆட்கள் இல்லாத இடம் தேடி மேடையில் முன்பக்கமாக நடந்தேன். ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கிழக்கே திரும்பி, பவா அன்ரியின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன். கோபுரம் தெரியவில்லை. ஒரு சைக்கிள் தரிப்பிடம் தெரிந்தது. பழக்க தோஷத்தில் கடைசியில் சிலுவை அடையாளமும் போட்டுவிட்டேன்.

விசில் கேட்டது. பக்கத்தில் இருந்த கதவால் ஏறினேன். உள்ளுக்குள்ளால் பின்பக்கம் நடந்து என் இடத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். ரயில் நகர்ந்தது. நான்கு ரயில் பெட்டிகள் தாண்டியதும் ஒரு பூட்டிய கதவு. அதற்குப் பிறகு ரயில் இல்லை.

அந்த அறிவிப்பு சொன்னது இதைத்தான். ஹம்மில் ரயில் இரண்டாகப் பிரிகிறது. முன்பாதி டோர்ட்முண்ட் வழியாக டுசல்டோர்ஃப் போகிறது, பின்பாதி வுப்பர்தால் வழியாகக் கொலோன் போகிறது. நான் முன்பாதியில் இருந்தேன். பூக்கள் பின்பாதியில் இருந்தன.

சித்திக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. நிலையத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்திருப்பா. ரிக்கெற் பார்க்கும் பெண் வந்தபோது வழக்கம்போல எழுதிக் காட்டினேன். அவ வாசித்தா. "எந்த ஆசனம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டா. எனக்கு ஆசன இலக்கமே இல்லை. அவ என் முன்னாலேயே மற்றப் பாதியில் இருக்கும் தன் சகபணியாளருக்கு அழைத்து ஏதோ சொன்னா, பிறகு தன் போனை என் காதருகில் நீட்டினா. "நீயே சொல்லு. நான் அதைப் பார்க்கவில்லை" என்றா.

எழுதிக் காட்ட முடியாத இடம் அது. மறுபக்கத்தில் ஓர் ஆணின் குரல் ஹலோ என்றது. அவர் மறுபடி ஹலோ என்றார். அதற்குப் பிறகு நான் பேசினேன். வெள்ளைப் பெட்டி, சிவப்பு நூல், மேசையில் இருக்கிறது, எதிரே சாம்பல் நாய், கீழே மூன்று பைகள். உள்ளே என்ன என்று கேட்டார். பூக்கள் என்றேன். வாடிப்போகுமே என்றார். "சீனிப் பூக்கள். நான் செய்தது. தயவுசெய்து சரிக்க வேண்டாம்" என்றேன். பாதி ஆங்கிலம், பாதி டெனிஷ். அவருக்கு விளங்கியது. வுப்பர்தால் மேடையில் என் சித்தி நிற்பா, அவவிடம் கொடுங்கள் என்றேன். சித்தி எப்படி இருப்பா என்று கேட்டார். "சத்தமாக இருப்பா" என்றேன். வேறு அடையாளம் அந்த நேரத்தில் வரவில்லை.

டோர்ட்முண்டில் இறங்கி, ஹாகன் வழியாகப் போகும் ரயிலில் ஏறி, வுப்பர்தால் போய்ச் சேர ஒன்றேகால் மணித்தியாலம் பிந்திவிட்டது. சித்தி மேடையில் நின்றா. மூன்று பையும் காலடியில். பூப்பெட்டியைப் பாண் மாதிரிக் கமக்கட்டில் செருகி வைத்திருந்தா.

"வாடி. உன்ர சாமான் எல்லாம் வந்திட்டுது, நீதான் லேற்."

"சித்தி, பெட்டியைச் சரிச்சுப் பிடிச்சிருக்கிறியள்."

"அந்த மனுசனும் இதைத்தான் சொன்னவன். ஏதோ பச்சைப்பிள்ளையைத் தாறமாதிரி ரெண்டு கையாலயும் தந்தவன். போன் அடிச்சுது, எடுக்கிறதுக்கு இதில செருகினன்." ஹாகன் ரயிலில் இருந்து மறுபடி அழைத்தது நான்தான்.

காரில் திறந்து பார்த்தேன். பன்னிரண்டில் ஐந்து உடைந்திருந்தன.

டிலானி அக்கா அன்று பின்னேரமே வந்தா. முப்பது வயதிருக்கும், நகத்தின் ஓரத்தில் நீலக் கலர் ஒட்டியிருந்தது. முழுப் பூக்களைப் பார்க்காமல் உடைந்த இதழ் ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தா. விரல் இதழுக்குப் பின்னால் தெரிந்தது.

"இவ்வளவு மெல்லிசாப் போட்டால் உடையும்தானே."

நான் பெட்டியில் கிடந்த துண்டுகளை ஒன்றாகச் சேர்த்தேன்.

"என்னத்தால தேச்சனி?"

"பேக்கரியில பழைய சின்ன உருளை ஒண்டு இருக்கு. அதால."

"என்னால இவ்வளவு மெல்லிசா வராது" என்று சித்தியைப் பார்த்துச் சொன்னா. பிறகு ஏழு பூக்களையும் கேக்கின் ஒரு பக்கத்தில் சரிவாக வைத்துப் பார்த்தா. பன்னிரண்டு வைத்திருந்தால் இடம் காணாது போல இருந்தது. போகும்போது கதவில் நின்று, "யூலி முதலாம் கிழமை வா. உருளையைக் கொண்டு வா. ஹம்மில இறங்காத" என்றா. சித்தி அதற்குள் கதையை எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தா.

சனிக்கிழமை அனெற் என்னைத் தொங்கு ரயிலுக்குக் கூட்டிப்போனாள். வுப்பர்தாலுக்குப் போகிறவர்கள் இதைத் தவற விடக்கூடாது. தண்டவாளம் மேலே, ரயில் கீழே தொங்குகிறது, அதற்கும் கீழே ஆறு. மொத்தம் பதின்மூன்று கிலோமீற்றர், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணித்தியாலம். ஆட்களின் இரண்டாம் மாடி யன்னல்களுக்குப் பக்கத்தால் போகும்போது அவர்கள் சமைப்பது தெரியும். வளைவுகளில் பெட்டி ஆடும். கேக்கோடு ஏறவேண்டாம்.

நீங்கள் போவதானால் சில விஷயங்கள். வடக்கிலிருந்து வரும் ரயில்கள் பல ஹம்மில் பிரியும், ஏறும் முன் ரயில் பெட்டியின் வெளிப்பக்கத் திரையில் உங்கள் ஊரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசன இலக்கம் இல்லாவிட்டால் ரயில் பெட்டியின் இலக்கத்தையாவது படம் எடுத்து வையுங்கள். இறங்கினால் ஏறிய கதவாலேயே திரும்ப ஏறுங்கள். உடையும் சாமான் இருந்தால் மேலே பிடி உள்ள பெட்டி வாங்குங்கள், அப்போதுதான் சித்திமார் அதை நேராகப் பிடிப்பார்கள். மிளகாய்த்தூளை இரண்டு பையில் போட்டுக் கட்டுங்கள்.

திங்கள் பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது பவா அன்ரி படியில் இருந்தா.

"ரயில் ஹம்முக்குள்ளால போனதோ?"

"ஓம் அன்ரி."

"கும்பிட்டனியோ?"

"இறங்கிக் கும்பிட்டனான்." நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன்.

அன்ரி முழங்காலைத் தடவிக்கொண்டா. "பாத்தியே, அம்மன்தான் உன்ர பூவைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறா. நீ யூலியில திரும்பப் போறியாம் எண்டு அம்மா சொன்னவ. அப்ப இன்னொருக்கால் எனக்காகக் கும்பிட்டுவிடு."

"ஓம் அன்ரி" என்றேன். நான்கு படி ஏறிய பிறகு திரும்பி நின்று, "ஆனா இந்தமுறை இருந்த இடத்திலயே இருந்து கும்பிடுவன்" என்றேன்.