பன்னிரண்டாவது ஷரத்து

பிரெஞ்சு தெரிந்திருப்பது நல்லதுதானா? போன வாரம் வரைக்கும் நல்லது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரிக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு ஆம்பூரில் குடியேறியவன் நான் என்பது வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் எது வந்தாலும் — மருந்துச் சீட்டோ, சென்ட் பாட்டில் லேபிளோ — என்னிடம்தான் வரும். புதன்கிழமை பேரணாம்பட்டு மாசிலாமணி வந்தார். சின்ன அளவில் தோல் பதனிடுகிறவர். அவருடைய ஆட்டுத்தோலை வாங்க ஒரு பிரெஞ்சுக் கம்பெனி ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. நான்கு தாள்.

"வேலூர் வக்கீலுக்குக் காட்டணும் சார். இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க. சனிக்கிழமை ஏஜென்ட் கையெழுத்துக்கு வர்றாரு."

பத்து ஷரத்து வரை உற்சாகமாக எழுதினேன். பதினொன்றாவது — தகராறு வந்தால் கம்பெனி இருக்கும் பிரெஞ்சுத் துறைமுகத்தின் கோர்ட்டில் மட்டுமே விசாரணை. சரி, கப்பலேறிப் போகிறார் என்றே வைத்துக்கொள்வோம்... பன்னிரண்டாவதைப் படித்ததும் பேனா நின்றுவிட்டது. தீர்ப்பு பாதகமானால் கம்பெனி அப்பீல் செய்யலாம். தோல் விற்கிறவர் செய்யக்கூடாது. அந்த உரிமையை அவரே மனமுவந்து விட்டுக்கொடுத்துவிட்டாராம்!

நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ? அகராதியைப் புரட்டினேன். மூன்று தடவை. சத்தியமாக அதேதான். வக்கீலாவது ஒன்றாவது... கிடைத்த பஸ்ஸில் ஏறிப் பேரணாம்பட்டுக்கு ஓடினேன்.

"முதலாளி, கையெழுத்துப் போட்டுடாதீங்க! அனுப்பின தோல் அழுகல்னு அங்கே தீர்ப்பாயிட்டா, உங்க தொழிலே போய்டும். மேலே போக வழியே இல்லை."

"இன்னா சார், பேஜார் பண்றீங்க? போன வாரமே துண்டுக்குள்ள கை குடுத்தாச்சே!"

தோல் வியாபாரத்தில் இது வழக்கம். துண்டுக்கு அடியில் இரண்டு பேர் கை கோத்து விரலாலேயே விலை பேசுவார்கள். கை கொடுத்தால் முடிந்தது. பின்வாங்கினவருக்கு அப்புறம் ஒருவரும் பதனிடப் பச்சைத்தோல் தரமாட்டார்கள்.

"விலைக்குத்தானே கை கொடுத்தீங்க? கோர்ட்டுக்குமா?" என்றேன்.

மாசிலாமணி தோள் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை நானும் கூட இருக்க, ஏஜென்ட் வந்தார். கோட்டு, டை, கையில் பை. அந்த ஷரத்தை அடித்துவிடச் சொல்லிக் கேட்டார் மாசிலாமணி.

"எல்லாருக்கும் இதே பேப்பர்தான். பாருங்க" என்று ஏஜென்ட் ஒரு கட்டை எடுத்து மேஜையில் போட்டார்.

புரட்டினேன். வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம்... அத்தனையும் தெரிந்த பெயர்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்காவது பிரெஞ்சில் ஓர் எழுத்து தெரியுமா?

மாசிலாமணி தோள் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டு நீட்டினார். "பன்னெண்டாவது ஷரத்து நியாயம்னு உள்ளே கை குடுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுர்றேன்."

ஏஜென்டும் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்தான். அவர் கை கோட்டுப் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.

"அப்ப காயிதத்தை எடுத்துக்கினு கெளம்புங்க" என்றார் மாசிலாமணி.

கட்டி வைத்த தோல் அப்படியே கிடக்கிறது. வேறு ஆள் கிடைப்பாரா, தெரியவில்லை. எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால் வாசலில் மூன்று தோல் முதலாளிகள்! ஆளுக்கு நான்கு தாள். "இன்னான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்." கடைசித் தாளைத் திருப்பினேன். மூன்றிலும் கையெழுத்து.

அதைப் போடுகிற அன்றைக்கு என் வீட்டுக்கு வழி தெரியாமலா போயிற்று இவர்களுக்கு!