குளியலறை வரிசை

வீட்டின் முதல் பட்டதாரிக்குச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வின் வரிசைக் கணக்குகள் மட்டும் பிடிபடவில்லை. முன்பின் தெரியாத ஐந்து பேரை நிபந்தனைப்படி நிறுத்தச் சொன்னால் யாருக்குத்தான் தலை சுற்றாது? அவர்களுக்குப் பதிலாக, தினமும் ஒரே குளியலறைக்கு மல்லுக்கட்டும் தன் வீட்டாரை நிறுத்திப் பார்த்தாள். விடைகள் மளமளவென வந்து விழுந்தன. கடைசிக் கணக்கு மட்டும் முரண்டு பிடித்தது.

கேள்வியை மறுபடி படித்தாள். அப்பாதான் முதலில் என்று அதில் எங்குமே இல்லை, அவளாகவே சேர்த்திருந்தாள். அப்பாவைத் தள்ளித் தன்னை முன்னால் நிறுத்தினாள். விடை வந்துவிட்டது.

தேர்வு நாள் காலையில் அப்பா குளியலறைக் கதவைத் தட்டினார்.

"யாரு உள்ள? நான் வேலைக்குப் போக வேணாமா?"

"நான்தான்ப்பா. நீங்கதான் முதல்னு எந்த விதியில இருக்கு?"



"சரிங்க வக்கீலம்மா, வெந்நீரையாவது மிச்சம் வைங்க!"